அருளப்பனுக்கு எந்த ஜெபம்

ஓடுகிறேன். ஏணி சூடு. கைப்பிடி சூடு. எஞ்சின் அறையில் விளக்கு போய்விட்டது. முதலில் எண்ணெய் வாடை. பிறகுதான் புகை. மணி அடிக்கிறது. ஏழு குட்டை, ஒரு நெட்டை. மறுபடி ஏழு குட்டை, ஒரு நெட்டை. ஆபத்து, எல்லோரும் மேலே கூடுங்கள் என்று அர்த்தம். பயிற்சியில் எத்தனையோ தடவை கேட்ட மணி. அப்போது காதைப் பிளக்கும். இப்போது எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. என் வலது காது போய்விட்டது என்று எனக்கு இன்னும் தெரியாது.

மேலேயிருந்து குரல்.

"ஏலே சவரி! மேல வா! மேல வாலே!"

அருளப்பன் அண்ணன். கப்பலின் சமையல்காரர். எங்கள் ஊர்க்காரர். அடுத்த வீட்டுக்காரர். ஏணியின் தலைப்பில் குனிந்து நிற்கிறார். இடுப்பில் சமையல் துணி. என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுக்கிறார். என் வலது கால் எரிகிறது. எரிவது தெரியவில்லை. ஈரமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

"ஹசன் எங்கல?"

தலையை ஆட்டுகிறேன். ஹசன் இரண்டாம் எஞ்சினியர். என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சுவர் உள்ளே வந்தபோது அவர் மேல் வந்தது. நான் பார்த்தேன்.

"ரமோன் உள்ள மாட்டிக்கிட்டான். நீ குதி! நான் வாரேன்!"

ரமோன் எலக்ட்ரீசியன். அவனைக் கூப்பிட அண்ணன் திரும்பி ஓடுகிறார். இடது பக்கக் கதவு. கதவு திறந்து மூடுகிறது. அதற்குப் பிறகு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அது தவக்காலத்தின் இரண்டாவது வெள்ளி. எனக்குத் தேதிகள் நினைவில் நிற்பதில்லை. வெள்ளி நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை கறி கிடையாது என்பதற்காக அண்ணன் அன்று எங்கள் இருவருக்கும் மட்டும் தனியாகப் பருப்புக் குழம்பு வைத்திருந்தார். மற்றவர்களுக்குக் கோழி. மத்தியானம் சாப்பிட்டு முடித்து நான் கீழே இறங்கினேன். தட்டைக்கூடக் கழுவவில்லை.

முதலில் வந்த சத்தத்தைச் சொல்ல வேண்டும். பழைய மொபெட் மேடு ஏறும்போது வருமே, அந்தச் சத்தம். நடுக்கடலில் மொபெட் எப்படி வரும்? மேல்தளத்தில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்தார்களாம். சின்னதாக ஒன்று. இறக்கை வைத்தது. ஆள் இல்லாதது. பிறகு சத்தம் நின்றது. நின்றபோதுதான் பயந்தோம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். எனக்கு எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வெடித்த சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. காதுக்குள் யாரோ பெருவிரலை வைத்து அழுத்தியது போல இருந்தது. அவ்வளவுதான்.

யாருடைய போர், யாருக்கும் யாருக்கும் சண்டை, எங்களுக்கு ஒழுங்காகத் தெரியாது. கப்பலில் இருந்தது சிமெண்ட். படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்ற வருடம் அண்ணன் கடலுக்குப் போனார். அடுத்த வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கரிசல்காட்டில் பிறந்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று என் மனைவி ஜெயா கேட்டாள். எண்ணெய் துடைக்கிற வேலை என்றேன். நிஜமாகவே அதுதான் வேலை.

குதித்தேன். தளத்துப் பெட்டியில் இருந்த லைஃப் ஜாக்கெட் என் உடம்பில் இருந்தது. எப்படிப் போட்டேன், தெரியாது. தண்ணீர் கசந்தது. எண்ணெய் மிதந்தது. ரப்பர் படகில் இருந்தவர்கள் என்னை இழுத்துப் போட்டார்கள். அப்போது இரண்டாவது அடி. இந்தத் தடவை இடது காதில் முழுசாகக் கேட்டது. கப்பலின் சமையலறைப் பக்கம் திறந்துகொண்டது. உள்ளே இருந்த அடுப்பு தெரிந்தது. பிறகு புகை மறைத்தது.

"தலையைக் குனி! குனி!" என்று யாரோ இந்தியில் கத்தினார்கள். அது பிஸ்வாஸ். வங்காளத்துக்காரர். தளத்து வேலைக்காரர்களுக்குத் தலைவர். கத்தியவர் குனியவில்லை. தகரத் துண்டு ஒன்று அவர் கழுத்தில் பட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வேறு கப்பல் வந்து எங்களை ஏற்றும்போது அந்தக் கையை என் கையிலிருந்து பிரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்துவிட்டேன். படகிலிருந்து ஒன்றைப் பார்த்தேன். தூரத்தில். அலையில் ஏறியது, இறங்கியது. ஆரஞ்சு நிறம். லைஃப் ஜாக்கெட்டும் அந்த நிறம்தான். கப்பல் ஓரத்தில் மாட்டியிருக்கும் மிதவை வளையமும் அந்த நிறம்தான். ஆள் இருந்ததா? தெரியாது. கை அசைந்ததா? அசைந்தது போல இருந்தது. அலை அசைத்ததா? தெரியாது. அண்ணன் ஜாக்கெட் போட்டிருந்தாரா? தெரியாது. இடுப்பில் சமையல் துணி இருந்தது. அது மட்டும் தெரியும்.

மறுநாள் கடற்படைக்காரர்கள் ரமோனின் உடலை எடுத்தார்கள். அருளப்பன் அண்ணனை எடுக்கவில்லை. சில நாள் தேடினார்கள். காணவில்லை என்றார்கள். அந்த வார்த்தையோடு நான் ஊருக்கு வந்தேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே. ஒரு தெருதான் எங்கள் அன்பியம். வெளியாட்களுக்காகச் சொல்கிறேன்: பங்கில், அதாவது ஒரு கோவிலின் கீழ் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்களை இருபது முப்பது வீடாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் அன்பியம் என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்டு, வாசகம், செபமாலை. கடைசியில் மன்றாட்டு. யாருக்குக் காய்ச்சல், யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டில் சாவு, எல்லாம் பேர் சொல்லி ஜெபிப்போம். நோயாளி வீடு என்றால் டீயும் சேவும் உண்டு. சாவு வீடு என்றால் ஒன்றும் வாங்கிக் குடிக்க மாட்டோம். ஜெபித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வந்துவிடுவோம்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார்கள். நான் கட்டிலில். வலது கால் முழங்காலுக்குக் கீழே கட்டு. பொறுப்பாளர் ரோசம்மா அக்கா என் தலையில் கை வைத்தார். பின்னால் எல்லோரும் கை வைத்தார்கள். என் காலுக்காக ஜெபித்தார்கள். என் தூக்கத்துக்காக ஜெபித்தார்கள். என் காதுக்காக, கேட்காத காது பக்கமே நின்று ஜெபித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஜெபம் முடிந்து டீ குடித்தார்கள். டீ குடித்துக்கொண்டே கேட்டார்கள்.

"நெசமாவே அவியளப் பாத்தியா, சவரி?"

சொன்னேன். ஆரஞ்சு நிறம். அலை. தெரியாது.

கதவோரமாகச் செல்வமேரி மதினி உட்கார்ந்திருந்தார். அண்ணனின் மனைவி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர். கோவில் பாடகர் குழுவில் முதல் குரல் அவருடையது. தலையில் மல்லிகைப் பூ இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்க்காதது போலவும் இருந்தார்கள்.

"கை அசஞ்சுச்சுல்லா தம்பி?" என்று கேட்டார்.

"அசஞ்ச மாதிரி இருந்துச்சு மதினி."

"அது போதும்."

அடுத்த சனிக்கிழமை மதினி வீட்டில் ஜெபம். ரோசம்மா அக்காவுக்குச் சங்கடம். மன்றாட்டில் அருளப்பனை எங்கே சேர்ப்பது? இறந்தவர்களோடா? நோயாளிகளோடா? உள்ளே போய் மதினியிடம் கேட்டார். அடுப்படியில் நடந்த பேச்சு வெளியே எங்களுக்கெல்லாம் கேட்டது.

"மேரி, நீ கோவிச்சுக்கிடக் கூடாது. என்னன்னு சொல்லி ஜெபிக்கட்டும்?"

"சீக்காளின்னு சொல்லுங்க."

"சீக்குன்னா இருக்கிற எடம் தெரியணும்லாட்டி."

"செத்தவருன்னாலும் எடம் தெரியணும்லாக்கா."

ரோசம்மா அக்கா வெளியே வந்தார். மன்றாட்டு வந்தபோது புதிதாக ஒன்றைச் சேர்த்தார். பயணத்தில் இருப்பவர்களுக்காக. புதூர் பக்கம் ஆட்டுக் கிடை போடப் போனவர்களுக்காக. சென்னைக்கு பஸ் ஏறிய பிள்ளைகளுக்காக. அருளப்பனுக்காக. ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றோம். மதினி உள்ளே போய்ப் பெரிய தட்டில் டீ கொண்டுவந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்றார். எடுக்கும்வரை நகரவில்லை. சர்க்கரை நோய்க்காரர்களும் எடுத்தார்கள். அந்த டீயை வேண்டாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்படியே மாதங்கள் போயின. என் கால் ஆறியது. தோல் மட்டும் வேறு நிறத்தில் வந்தது. அந்தோணியார் திருவிழாவில் சப்பரம் எங்கள் தெருவுக்குள் வந்தது. வழக்கமாக முனையில் வேட்டுப் போடுவார்கள். அந்த வருடம் போடவில்லை. எனக்காகத்தான். யாரும் என்னிடம் சொல்லவில்லை. ரோசம்மா அக்காதான் கமிட்டிக்காரர்களிடம் சண்டை பிடித்தாராம். சத்தமில்லாமல் சப்பரம் வந்தது. நான் வாசலில் நின்று கும்பிட்டேன். மனது நிறைந்துபோனது.

ஆனால் அந்த அக்காவேதான் என்னை அதிகம் நச்சரித்தார்.

"ஒரு வார்த்த சொல்லிரு சவரி. பாத்தேன், போயிட்டாவன்னு சொல்லிரு. அழுவா. நாலு நாள் அழுதுட்டு எந்திரிச்சிருவா. இப்ப அவளப் பாரு. தினம் ராத்திரி சோத்துல ஒரு கை அள்ளி அவியளுக்குன்னு எடுத்து வைக்கா. காலையில கோழிக்குப் போடுதா."

"பாக்காதத எப்படிக்கா சொல்ல?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

"எல்லாருக்கும் தெரிஞ்சா எல்லாரும் சொல்லட்டும். எங்கிட்ட எதுக்கு வருதீங்க?"

கோபம் வந்தது எனக்கு. என் கோபம் அக்காவின் மேல் இல்லை. எல்லோரும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்ணுக்குள் ஆரஞ்சு நிறம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஜாக்கெட் என்று ஒரு நாள் தோன்றும். வளையம் என்று ஒரு நாள் தோன்றும். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போய்ச் சொல்லிவிட்டு வரலாம். இங்கே சாட்சிக் கூண்டே என் கட்டிலாக இருந்தது. பக்கத்து வீட்டில் அவர் மனைவி. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தால் எனக்குக் கேட்கும்.

பங்குத் தந்தையிடமும் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். கடல் எடுத்துக்கொண்டவர்களை அறிந்தவர்.

"குடும்பம் கேக்காம நான் இறந்தோர் பூசை வைக்க மாட்டேன். நீயும் பாக்காதத சொல்லாத. ரெண்டு பேரும் இப்பிடியே இருப்போம்," என்றார். பிறகு, "கஷ்டந்தான்," என்றார்.

கஷ்டம்தான். மதினி தினமும் கேட்டார். கேட்கும் விதம் மாறியது. முதலில், கை எந்தப் பக்கம் அசைந்தது? பிறகு, காற்று எந்தப் பக்கம்? பிறகு, அங்கிருந்து கரை எவ்வளவு தூரம்? அண்ணன் தோட்டக் கிணற்றில் நீச்சல் பழகியவர். கிணற்றில் முங்கினால் மேலே நிற்பவர்கள் பயந்துபோகும்வரை வரமாட்டார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் மதினி. சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நானும் சிரிக்க வேண்டும். சிரிப்பேன். உடம்பெல்லாம் அசந்துபோகும்.

செபமாலை மாதம் வந்தது. அக்டோபர். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் ஜெபம். மாதா சிலை, சுரூபம் என்போம், வீடு வீடாகப் போகும். முதல் மழை பெய்திருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு நடக்கவிடவில்லை. பகலெல்லாம் உளுந்து விதைத்துவிட்டு வந்தவர்கள் செபமாலையில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். அந்த வாரம் தெருவில் ஒரு சாவு வேறு. பால்ராஜின் அம்மா மிக்கேலம்மா. ரோசம்மா அக்கா இரண்டு நாள் அந்த வீட்டில் கிடந்தார். குளிப்பாட்டியதும் அவர், ஒப்பாரி வைத்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததும் அவர். மூன்றாம் நாள் சாயங்காலம் மாதா சுரூபம் மதினி வீட்டுக்கு வந்தது.

வீடு நிறைய ஆட்கள். வாசலிலும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி. இடது காது உள்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தேன். மதினி மாதாவுக்கு முன்னால். மெழுகுவர்த்தி அவர்தான் ஏற்றினார். செபமாலை முடிந்தது. மன்றாட்டு. நோயாளிகளுக்காக, சவரிமுத்துவுக்காக. கேட்டருளும் என்றோம். பயணத்தில் இருப்பவர்களுக்காக, அருளப்பனுக்காக. கேட்டருளும் என்றோம். பிறகு இறந்தவர்கள். மிக்கேலம்மாவுக்காகச் சொல்ல வேண்டிய ஜெபம். நித்திய இளைப்பாற்றி. சின்ன வயதிலிருந்து எத்தனை சாவு வீட்டில் சொன்னது. முதல் பாதியை ஒருவர் சொல்வார். மறுபாதியை எல்லோரும் சொல்வோம். யோசித்துச் சொல்வதில்லை. முதல் பாதி காதில் விழுந்தால் மறுபாதி வாயில் வந்துவிடும்.

ரோசம்மா அக்காவின் கண் சொருகியிருந்தது. குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"நித்திய இளைப்பாற்றியை அருளப்பனுக்கு அளித்தருளும் ஆண்டவரே."

"முடிவில்லாத ஒளி அவர் மேல் ஒளிர்வதாக."

எல்லோரும் சொன்னோம். வீடு முழுக்கச் சொன்னது. வாசலில் இருந்தவர்களும் சொன்னார்கள். எல்லாக் குரலுக்கும் முன்னால் ஒரு குரல் போனது. கோவிலில் எப்போதும் முன்னால் போகிற அதே குரல். தெளிவாக, கடைசி எழுத்துவரை. மதினியின் குரல்.

மின்விசிறி சுற்றியது. இறக்கையில் ஒன்று தட்டிக்கொண்டே இருந்தது. டக். டக். டக். அக்கா கண்ணைத் திறந்தார். என்ன சொன்னோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அய்யோ மாதாவே. மேரி, நான் மிக்கேலம்மாவச் சொல்ல வந்தேன்டி. நாக்கு தவறிட்டுட்டி."

வாசலில் இருந்து பால்ராஜ் அண்ணாச்சி, "செத்ததாச் சொன்னா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாவ," என்றார். அம்மாவைப் புதைத்து மூன்று நாள் ஆகாதவர். பாவம், உதவி செய்யத்தான் பார்த்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

மதினி மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீங்களும் சொன்னீங்களா?"

சொல்லியிருந்தேன். மாதக்கணக்காகச் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த வாய். எல்லோரோடும் சேர்ந்து முழுசாகச் சொல்லியிருந்தது.

"சொன்னேன் மதினி. பழக்கத்துல வந்துட்டு."

"எனக்குந்தான் வந்துட்டு," என்றார். "நிறுத்தணும்னு கூடத் தோணலயே தம்பி. மனசுக்குள்ள எங்கயும் இடிக்கலயே."

எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம். டீ வரவில்லை. மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ரோசம்மா அக்கா மட்டும் மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதார். என் வீட்டுக்கு வந்து ஜெயா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. ஜெபத்தைத் திருப்பி எடுக்க முடியுமா என்று மறுநாள் பங்குத் தந்தையிடம் போய்க் கேட்டாராம். ஆண்டவருக்கு ஆள் தெரியும், நீங்க பயப்படாதீங்க என்று சொல்லி அனுப்பினாராம்.

அதன்பின் மதினி ஜெபத்துக்கு வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் இல்லை. ஒரு நாள் மத்தியானம் அழுகைச் சத்தம் கேட்டது. கேட்கிற காதால் கேட்டேன். நீண்ட அழுகை. மூச்சு வாங்கி, மறுபடி. ஜெயா போகப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். எட்டு மாதமாக அவர் அழவில்லை. நாங்கள் யாரும் அவரை அழவிடவில்லை. அவரும் எங்களை அழவிடவில்லை. அதனால்தான் நிறுத்தினேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. நவம்பர் இரண்டு. கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, கம்மாய்க்கரைக்குக் கீழே. எல்லாக் கல்லறையிலும் செவ்வந்தி, ஊதுவத்திப் புகை. பங்குத் தந்தை ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவில் பெரிய சிலுவை இருக்கிறது. வெளியூரில் செத்தவர்கள், உடல் கிடைக்காதவர்கள், எல்லோருக்கும் அதன் அடியில் திரி ஏற்றுவார்கள். நான் ஹசன், பிஸ்வாஸ், ரமோன் மூவருக்காகவும் போனேன். அவர்களுக்கு இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் கிடையாது. கால் மண்ணில் புதைந்தது. ஜெயா தோளைக் கொடுத்தாள்.

சிலுவைக்கு அடியில் மதினி நின்றுகொண்டிருந்தார். தலையில் பூ இல்லை. வேறு எதுவும் மாறவில்லை. அதே சேலை. ரோசம்மா அக்கா தள்ளி நின்றார். பக்கத்தில் வரப் பயம்.

"அக்கா, வாங்க," என்று மதினி கூப்பிட்டார். "அன்னைக்கு வாய் தவறி வந்துச்சு. இன்னைக்குத் தெரிஞ்சே சொல்லுவோம்."

அக்கா வந்தார். மதினியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அவரை மதினிதான் தேற்ற வேண்டியிருந்தது. பங்குத் தந்தை தீர்த்தச் செம்போடு வந்து நின்றார். யார் பேரைச் சொல்லட்டும் என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கப்பல்ல போனவங்க பேரு, பாதர். ஹசன் முஸ்லிம். பிஸ்வாஸ் இந்து. சொல்லலாமா?"

"சொல்லுப்பா."

"ஹசன்," என்றேன். "பிஸ்வாஸ். ரமோன்."

நின்றேன். எப்போதும் அங்கேதான் நிற்பேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்று இருந்தவன். அன்றும் என் கண்ணில் அந்த ஆரஞ்சு நிறம் அலையில் ஏறி இறங்கியது. பங்குத் தந்தை அவசரப்படுத்தவில்லை. பக்கத்துக் கல்லறையில் யாரோ தேங்காய் நாரில் தீப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சரசரப்பு கேட்டது.

"சூசை அருளப்பன்," என்றார் மதினி. ஞானஸ்நானப் பெயரோடு. பாட்டுக்குப் பிடிக்கிற சுருதியில் இல்லை. சாதாரணக் குரலில்.

ரோசம்மா அக்கா முதல் பாதியைச் சொன்னார். மறுபாதியை எல்லோரும் சொன்னோம். நான் இந்தத் தடவை யோசித்துச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாக. எனக்கு அழுகை வரவில்லை. தூக்கம் வந்தது. கப்பலை விட்டுக் குதித்த நாளிலிருந்து வராத தூக்கம். நின்றபடியே கண் மூடியது. ஜெயா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்பவர்களுக்காகக் கணக்கை எழுதிவைக்கிறேன். நீங்கள் மறந்துவிடுவீர்கள். செய்தியில் இரண்டு வரி வந்தது. அதற்குள் வேறு கப்பல், வேறு செய்தி.

போனவை: ஒரு கப்பல். அதில் இருந்த சிமெண்ட். என் வலது காது. வலது முழங்காலுக்குக் கீழே என் பழைய தோல். செல்வமேரி மதினியின் எட்டு மாதம்.

போனவர்கள்: ஹசன், இரண்டாம் எஞ்சினியர். நான் பார்த்தேன். பிஸ்வாஸ், தளத்துத் தலைவர். என் கையைப் பிடித்தபடி. ரமோன், எலக்ட்ரீசியன். மறுநாள் எடுத்தார்கள். இதுவரை யார் கேட்டாலும் மூன்று பேர், ஒருவரைக் காணவில்லை என்றுதான் சொல்லிவந்தேன். இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று மதினி சொல்லிவிட்டார். சூசை அருளப்பன், சமையல்காரர். அவரை நான் பார்க்கவில்லை. அவரை எண்ணியது அவர் மனைவி.

நான்கு பேர்.